ஊசி யார் கையில்?

கீமோதெரபி சிகிச்சைக்குப் போகும் ஒருவர், அந்த ஆறு மாதத்தில் மருத்துவரோடு எவ்வளவு நேரம் பேசினார், தாதியோடு எவ்வளவு நேரம் பேசினார் என்று கணக்குப் பார்த்தால் ஒன்று விளங்கும். மருத்துவர் அறையில் சில நிமிடங்கள். நரம்பைத் தேடி ஊசி குத்துவது, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது அருகில் நிற்பது, வாந்தி வந்தால் தலையைப் பிடிப்பது எல்லாம் தாதி. அந்தத் தாதியே நோயாளியைப் பரிசோதித்து, இரத்த முடிவைப் படித்து, இன்று மருந்து ஏற்றலாமா, ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பதற்காக உருவானதுதான் உயர்நிலைத் தாதி என்ற பொறுப்பு. அது எளிதாக வந்துவிடவில்லை.

முதலில் மருந்தின் கதை. 1947ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் சில காலம் பின்வாங்கியது. அந்த மருந்தை உருவாக்கித் தந்த ஆய்வுக்கூடத்திற்குத் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948ஆம் ஆண்டு ஃபார்பரின் ஆய்வு வெளிவந்த சில வாரங்களிலேயே அவர் காலமானார்.

இன்னொரு மருந்து நம் வீட்டு வாசலிலேயே பூத்தது. நித்தியகல்யாணி. தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். கல்லறைப் பக்கம் தானாக முளைக்கும் செடி என்று பூசைக்குக்கூடச் சிலர் பறிக்க மாட்டார்கள். அதிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கிய மருந்து.

ஆனால் இவையெல்லாம் நஞ்சுக்கு அருகில் நிற்கும் மருந்துகள். வின்கிறிஸ்டின் நரம்பை விட்டுக் கசிந்து சதைக்குள் இறங்கினால் சதை வெந்துவிடும். இரத்தக் குழாயில் செலுத்த வேண்டிய அதைத் தவறுதலாக முதுகுத்தண்டில் செலுத்தினால் பெரும்பாலும் உயிரே போய்விடும். பல நாடுகளில் அப்படி நடந்திருக்கிறது. ஊசிக் குழலில் வேண்டாம், சிறு பையில் கலந்து சொட்டாக ஏற்றுங்கள் என்று 2007ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. குழலில் இருந்தால் முதுகில் குத்தும் மருந்தென்று கை ஏமாந்துவிடும், பையில் இருந்தால் ஏமாறாது. இவ்வளவு சின்ன மாற்றம்தான்.

இத்தனை ஆபத்தான மருந்தை முதலில் மருத்துவர்கள் மட்டுமே ஏற்றினார்கள். ஐம்பதுகள் வரை, நரம்பில் ஊசி குத்துவதே பல மருத்துவமனைகளில் தாதியின் வேலையாகக் கருதப்படவில்லை. நோயாளிகள் பெருகினார்கள், மருத்துவர்களுக்கு நேரமில்லை, ஊசி மெல்ல மெல்லத் தாதி கைக்கு வந்தது. ஊசி வந்தது, அதனோடு சேர்ந்து வரவேண்டிய படிப்பும் பாதுகாப்பும் வரவில்லை. இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான்.

தாதியர் சாதாரண மேசையில், பல இடங்களில் கையுறைகூட இல்லாமல், மருந்துத் தூளைக் கரைத்துக் குழலில் ஏற்றினார்கள். காற்றில் தெறித்த துளியைச் சுவாசித்தார்கள். 1979ஆம் ஆண்டு பின்லாந்து ஆய்வாளர்கள், அப்படி மருந்து கலக்கிய தாதியரின் சிறுநீரைச் சோதித்தார்கள். மரபணுவை மாற்றக்கூடிய தன்மை அதில் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. 1985ஆம் ஆண்டு அதே நாட்டின் 17 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இம்மருந்துகளைக் கையாண்ட தாதியருக்குக் கருக்கலைவு கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. நோயாளியைக் காப்பாற்ற நின்றவர், தன் வயிற்றில் இருந்த பிள்ளையை இழந்திருக்கிறார். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு பாதுகாப்பு வழிகாட்டிகளை வெளியிட்டது. கையுறை, மேலங்கி, காற்றை வடிகட்டும் பெட்டி ஆகியவை அதற்குப் பிறகே வழக்கத்திற்கு வந்தன.

இதற்கிடையில் வேறொரு மூலையில் வேறொரு மாற்றம். கொலராடோ மாநிலத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற பொதுச் சுகாதாரத் தாதி, மருத்துவர் எட்டிப்பார்க்காத சிற்றூர்களில் குழந்தைகளைக் கவனித்து வந்தார். 1965ஆம் ஆண்டு குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வருடன் சேர்ந்து, கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாதியருக்கு ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினார். நோயாளியைப் பரிசோதிப்பது, நிலைமையை எடைபோடுவது, முடிவெடுப்பது எல்லாம் அதில் அடங்கும். எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. தாதிமைப் பேராசிரியர்களே, நம் தொழிலை விட்டுவிட்டு மருத்துவர் வேடம் போடுவதா என்று கேட்டார்கள். சொந்த வீட்டில் கிடைத்த அடிதான் ஃபோர்டுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் 104 வயது வரை வாழ்ந்து, தாம் விதைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் 2025ஆம் ஆண்டு மறைந்தார். இன்று அமெரிக்காவில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இப்பணிக்கு உரிமம் பெற்றிருக்கிறார்கள். 1975ஆம் ஆண்டு அமெரிக்கப் புற்றுநோய்த் தாதியர் தனிச் சங்கம் கண்டார்கள். குழந்தை நலத்தில் தொடங்கிய பயிற்சி புற்றுநோய்ப் பிரிவுக்கும் பரவியது.

சிங்கப்பூரின் கதை 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி தொடங்குகிறது. பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கிய நாள் அது. இன்றும் அதுவே இங்கு தாதியர் தினம். 2003ஆம் ஆண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உயர்நிலைத் தாதியருக்கான முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 2005ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது, மறு ஆண்டு தனிப் பதிவேடு வந்தது. 2018ஆம் ஆண்டு தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் தேறியவர்கள், மருத்துவருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்தும் எழுதித் தரலாம். இடையில் 15 ஆண்டுகள். அவசரப்படவில்லை என்றும் சொல்லலாம், தயங்கினார்கள் என்றும் சொல்லலாம்.

சரி, புற்றுநோய்ப் பிரிவில் இவர் அப்படி என்ன செய்துவிடுகிறார்? மருத்துவர் கேட்கும்போது நம் பாட்டிமார் என்ன சொல்வார்கள்? "பரவாயில்ல டாக்டர், நல்லா இருக்கேன்." பெரியவரைத் தொந்தரவு செய்யக்கூடாதே என்ற மரியாதை. அதே பாட்டியிடம் தாதி, "ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியுதா பாட்டி?" என்று கேட்டால் பதில் மாறுகிறது. "எங்கம்மா, மருமகதான் மாட்டி விடுறா." விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது. வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள் நரம்பைத் தொட்டுவிட்டதற்கு அது அறிகுறி. அளவைக் குறைக்காமல் விட்டால் மரத்த விரல் மரத்ததாகவே நின்றுவிடக்கூடும். உயர்நிலைத் தாதி விரலைத் தொட்டுச் சோதித்து, குறித்து, மருத்துவரோடு பேசி, அடுத்த அளவை மாற்ற ஏற்பாடு செய்கிறார்.

"பெரிய டாக்டரைப் பார்க்கத்தானே வந்தோம், நர்ஸைக் காட்டி அனுப்புறாங்களே" என்று முணுமுணுக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உயிர்ப் பயத்தோடு வந்தவருக்கு, எதிரில் இருப்பவர் பல ஆண்டு வார்டு அனுபவத்துக்குப் பிறகு முதுநிலைப் பட்டம் பெற்றவர் என்பதை யாராவது முதலிலேயே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகுமுன் அவர் சொல்லி அனுப்பும் ஒன்றை மட்டும் குடும்பத்தார் மறக்கக்கூடாது. மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் 38 டிகிரி காய்ச்சல் கண்டால், கசாயம் வைத்துக் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உடனே அழைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கிருமியை எதிர்க்கும் மருந்து போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் உடம்பில் ஏற வேண்டும். அதற்காகத்தான் ஒரு வெப்பமானியையும் தொலைபேசி எண்ணையும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் மாட்டி வைக்கச் சொல்கிறார்கள்.