கேடயம் ஏந்திய வீரன்: நாட்டுப்பற்றுப் படக்கதைகளும் வரலாறும்

படக்கதை என்றால் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது கற்றோர் வழக்கம். ஆயினும், ஒரு காலத்து மக்கள் எதற்கு அஞ்சினர், எதை விரும்பினர், எவரைப் பகைவரெனக் கருதினர் என்பதை அறிய விழைவோர்க்குப் பத்துக் காசு விலையுள்ள ஏடும் ஒரு சான்றாகும். இரண்டாம் உலகப் போரையொட்டி அமெரிக்க ஐக்கிய நாட்டில் பெருகிய நாட்டுப்பற்று வீரர் கதைகளை அந்நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

1938-ஆம் ஆண்டில் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவர் படைத்த சூப்பர்மேன் கதை வெளிவந்தது. மனித ஆற்றலுக்கு மேம்பட்ட ஒருவன் கொடியோரை அடக்கும் அக்கதை பெருவரவேற்புப் பெறவே, வெளியீட்டார் பலரும் அவ்வழியில் இறங்கினர். நாட்டுக்கொடியின் வண்ணங்களையே உடையாக அணிந்த முதல் வீரன், 1940 ஜனவரி எனத் தேதியிட்ட பெப் காமிக்ஸ் ஏட்டில் தோன்றிய ‘ஷீல்டு’ என்பவன். அவனுக்குப் பின் வந்தவனே கேப்டன் அமெரிக்கா. முன்னவனை உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. பின்னவன் இன்றும் வாழ்கிறான்.

கேப்டன் அமெரிக்காவைப் படைத்தவர்கள் ஜோ சைமன், ஜேக் கர்பி ஆகியோர். ஸ்டீவ் ராஜர்ஸ் என்னும் மெலிந்த இளைஞன் படையில் சேரத் தகுதியற்றவன் எனத் தள்ளப்படுகிறான். விஞ்ஞானி ஒருவர் செலுத்திய மருந்தால் பெருவலி பெறுகிறான். கேடயம் ஏந்தி நாட்டைக் காக்கிறான். கதை இவ்வளவே. முதல் இதழின் அட்டையில் அவன் ஹிட்லரின் முகத்தில் ஓங்கிக் குத்துகிறான்.

இன்று அதைக் காண்போர்க்குப் போர்க்காலப் பிரசாரப் படமாகவே தோன்றும். ஆனால் நாட்கணக்கைப் பார்த்தல் வேண்டும். அட்டையில் 1941 மார்ச் என்றிருப்பினும் ஏடு கடைக்கு வந்தது 1940 டிசம்பர் 20-ல். ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது 1941 டிசம்பர் 7-ல். ஜெர்மனி அமெரிக்காவின்மீது போர் அறிவித்தது அதே மாதம் 11-ல். ஆக, அப்படம் வெளிவந்தபோது அமெரிக்கா போரில் இறங்கவில்லை. ஐரோப்பியச் சண்டையில் தலையிடலாகாது என்ற இயக்கமும் அங்கு வலுவாக இருந்தது. ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட்’ குழு 1940 செப்டம்பரில் தோன்றியதே. அரசு எடுக்கத் துணியாத முடிவை ஒரு சிறுவர் ஏடு ஓராண்டு முன்பே எடுத்துவிட்டது.

இத்துணிவு எங்கிருந்து பிறந்தது? சைமனும் கர்பியும் யூதர். ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க் என்னும் இயற்பெயருடைய கர்பி, ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு 1917-ல் நியூயார்க்கின் ஏழைமக்கள் வாழ்பகுதியில் பிறந்தவர். அதே நகரில், 1939 பிப்ரவரியில், நாஜி ஆதரவாளர் ஏறத்தாழ 20,000 பேர் கூடிப் பொதுக்கூட்டம் நடத்தினர். பகைவன் கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை என்பதை இவர்கள் அறிந்திருந்தனர். ஏடு ஏறத்தாழப் பத்து லட்சம் படிகள் விற்றது, மிரட்டல்களும் வந்தன. அலுவலகத்துக்குப் போலீஸ் காவல் போடப்பட்டதையும், மேயர் லகார்டியா தொலைபேசியில் அழைத்துத் தைரியம் சொன்னதையும் சைமன் பின்னாளில் எழுதியுள்ளார்.

படைத்தோர் இருவரும் வருவாய்ப் பங்கு குறித்த பிணக்கால் பத்து இதழ்களோடு விலகினர். கர்பி 1943-ல் படைக்கு அழைக்கப்பட்டு, பிரான்சில் காலாட்படையில் போரிட்டார். கதைகளோ பிறர் கையில் தொடர்ந்தன. போர் தொடங்கியபின் எழுத்தாளர் போர்ப் பேரவை என்னும் அமைப்பு, அரசின் ஆதரவோடு, வெளியீட்டார் சிலருடன் சேர்ந்து படக்கதைகளின் போக்கை வகுத்தது. பகைமை கொடுங்கோலனை விட்டுப் பகைநாட்டு மக்கள் அனைவர்மீதும் திரும்பியது. ஜப்பானியர் கோரைப்பல்லும் நகமும் கொண்ட பேய்களாகத் தீட்டப்பட்டனர். 1942 முதல் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்ட காலம் அது. அவருள் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். போருக்கு முந்திய ஏடுகளும் குற்றமற்றவை என்று சொல்வதற்கில்லை. கேப்டன் அமெரிக்காவை வெளியிட்ட நிலையமே 1941-ல் தொடங்கிய ‘யங் அல்லைஸ்’ கதையில் கறுப்பினச் சிறுவன் ஒருவனைக் கேலிப்பொருளாக்கியது.

போர் முடிந்ததும் இவ்வீரர்க்கு மதிப்புக் குறைந்தது. கேப்டன் அமெரிக்கா ஏடு 1950-ல் நின்றது. 1953-ல் பொதுவுடைமையரை ஒடுக்குபவனாக அவனை மீண்டும் எழுப்பினர். அம்முயற்சி 1954-லேயே தோற்றது. 1964-ல் கர்பியும் ஸ்டான் லீயும், பனிக்கட்டியில் உறைந்து கிடந்து விழித்தவனாக அவனை மீட்டனர். 1974-ல், வாட்டர்கேட் ஊழலால் நாடு கலங்கியிருந்த வேளையில் வந்த கதையில், சதிகாரர் தலைவனை வெள்ளை மாளிகையிலேயே காண்கிறான். மனமுடைந்து தன் பெயரையும் உடையையும் துறக்கிறான். அடுத்த ஆண்டில் மீண்டும் கேடயத்தை ஏந்துகிறான். 2003-ல் வெளிவந்த ‘ட்ரூத்’ என்னும் தொடர் இன்னும் ஆழச் சென்றது. அம்மருந்து முதலில் கறுப்பினப் போர்வீரர்மீது சோதிக்கப்பட்டது என்பது அதன் கற்பனை. 1932 முதல் 1972 வரை டஸ்கிகீயில் கறுப்பின நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்காது நோயின் போக்கை மட்டும் கவனித்துவந்த கொடுமையே அக்கற்பனையின் வித்து.

இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓருண்மை புலனாகும். நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பிய கதைகள் நிலைத்தன. ஆள்வோர் காட்டிய பகைவனை அடிப்பதற்கென்றே எழுந்த கதைகள் நிலைக்கவில்லை. நாட்டை நேசித்தல் வேறு. அரசுக்கு ஆமாம் போடுதல் வேறு. 1940-ல் அவ்வீரனைத் தீட்டிய கையும், 1974-ல் அவன் உடையைக் களையச் செய்த கையும் நாட்டுப்பற்றுடையனவே.

ஆசிரியர்கள் இத்தகைய ஏடுகளை மாணவரிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. மெய்க்கீர்த்தியைப் படிக்கும் ஆய்வாளர் மன்னன் புகழ்ச்சியைக் கழித்து வரலாற்றைக் கொள்வதுபோல, படக்கதையையும் படிக்கக் கற்பிக்கலாம். இது எந்த ஆண்டில் வந்தது? வரைந்தவர் யார்? அடிபடுபவன் கொடியவனா, அன்றி வேற்றினத்தான் மட்டுமா? இம்மூன்று வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவன், நாளை செய்தித்தாளையும் அவ்வாறே படிப்பான்.