எழுதிப் பழகும் பெயர்கள்



எழுத்துப் பழகும் குழந்தை ஒரே வரியைப் பத்து முறை எழுதுகிறது. கை எழுத்தின் வடிவத்தைப் பழக, மனம் அந்த வரியைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வரியில் யாருடைய பெயர் இருக்க வேண்டும்? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். தெரிந்த மாணவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் மணலெழுத்து கடல் கடந்தது. சேரிக்கு மட்டும் வரவில்லை. மணலுக்கு விலையில்லை, விரல் எல்லோருக்கும் உண்டு. தடுத்தது சாதிதான்.

நூறாண்டு கழிந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சத்தாராவில் சிறுவன் பீமராவ் தனியாகக் கோணிப்பையில் அமர்ந்து படித்தார். பின்னர் பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் கணக்குப் போட ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தபோது, அதன் பின்னால் இருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற மாணவர்கள் பதறி ஓடி எடுத்தார்கள். சுண்ணாம்புக்கட்டியைத் தொடப்போன அந்தக் கைதான் பின்னாளில் அரசியலமைப்பு வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியது.

இந்தக் கதையை மாலைநேரப் பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு இரட்டைக்கோடு நோட்டைத் திறந்து ‘அம்பேத்கர்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஆறே எழுத்து. ‘அ’ உயிர்; ‘ம்’, ‘த்’, ‘ர்’ மெய்; ‘பே’, ‘க’ உயிர்மெய். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பதும், இரட்டைக்கொம்பு போடுவதும் இந்த ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. எழுத்துப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒன்றாக நடக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பெயரைப் பார்த்து எழுதுவதோடு நின்றுவிட்டால், பழைய மனப்பாடத்தில் பெயரை மட்டும் மாற்றியவர்கள் ஆவோம். 1848இல் புனேவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும் அதோடு நிற்கவில்லை. அவர்களிடம் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, மாங், மகர் மக்களின் துயரத்தைத் தன் சொற்களில் கட்டுரையாக எழுதினாள். 1855இல் ‘ஞானோதயா’ இதழ் அதை அச்சிட்டது. பார்த்து எழுதப் பழகிய கை, பார்த்ததை எழுதும் கையாக மாறியது அங்கேதான்.

ஆகவே தோழர்களே, பக்கத்தின் மேல்வரியில் அம்பேத்கர், சாவித்திரிபாய், முக்தா, அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் என எழுதிக்கொடுங்கள். அடுத்த வரியில் குழந்தை தன் பெயரை எழுதட்டும். அதற்கும் கீழே ஒரு வரியை வெறுமையாக விடுங்கள். அதில் என்ன எழுதுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.