மூன்று மீட்டர் சாலைக்கு எந்த வண்டி? கும்மிடிப்பூண்டி ஊரகத் தீயணைப்பு குறித்து

கும்மிடிப்பூண்டியில் இருவகைத் தீயைப் பற்றிப் பேசவேண்டும். சிப்காட் வளாகத்தின் உருக்கு உலைகளிலும் இரசாயனக் கூடங்களிலும் நேர்வது ஒன்று. சுற்றியுள்ள ஊர்களில், ஆரணியாற்றுப் படுகையிலும் பழவேற்காடு ஏரிப் பக்கமும், பங்குனி சித்திரையில் கூரை வீட்டிலும் வைக்கோற்போரிலும் பற்றிக்கொள்வது மற்றொன்று. தீயணைப்பு வண்டி வாங்குவது பற்றிய நம் சிந்தனை முதல் வகையைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. இரண்டாவதற்கு முற்றிலும் வேறான வண்டி தேவை. அதை ஓட்டவேண்டியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஊரகப் பகுதிக்கு 20 நிமிடத்துக்குள் வண்டி சேரவேண்டும் என்பது நாட்டில் வகுக்கப்பட்டுள்ள அளவுகோல். நகரத்துக்கு அது 5 முதல் 7 நிமிடம். காய்ந்த கீற்றுக் கூரை 20 நிமிடம் காத்திருக்காது. பற்றிய வீட்டைக் காப்பது பெரும்பாலும் இயலாது; அடுத்த வீட்டைக் காப்பதே உண்மையான வேலை. ஊரார் இதை நன்கு அறிவார்கள். தீ என்றதும் காற்று வீசும் பக்கத்து வீட்டின் கூரையைத் துறட்டியால் பிரித்தெறிவார்கள், ஈரச்சாக்கைப் போர்த்துவார்கள். ஆகவே ஊர் வண்டியில் முதலில் இருக்கவேண்டியது நீண்ட காம்புள்ள கொக்கி. வண்டிக்கான விவரக்குறிப்பு எழுதுவோர் பம்பின் திறனுக்குத் தரும் கவனத்தை இதற்கும் தரவேண்டும்.

இனி எடைக்கு வருவோம். வழக்கமான நீர்தாங்கி வண்டி 4,500 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே நாலரை டன். வண்டி, பம்பு, ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் பத்து டன்னைத் தாண்டும். கிராமச் சாலையின் தார்ப்பரப்பு மூன்று மீட்டர் அல்லது 3.75 மீட்டர். இரண்டரை மீட்டர் அகல வண்டி மூன்று மீட்டர் சாலையில் போனால் இருபுறமும் கால் மீட்டர்தான் மிஞ்சும். அதற்கப்பால் மழையில் இளகிய மண் ஓரம். எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் இரண்டும் நின்றுவிடும். இத்தனை சிரமப்பட்டுக் கொண்டுவரும் தண்ணீரும், நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் இரண்டு ஹோஸ்களில் விட்டால், ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். பெரிய தொட்டி தரும் பாதுகாப்பு நாம் எண்ணுவதைவிடக் குறைவு.

சிறிய சரக்கு வண்டி, அதில் ஏறத்தாழ 500 லிட்டர் தண்ணீர், நிமிடத்துக்கு 275 லிட்டர் தள்ளும் கையடக்கப் பம்பு: ஊருக்கு இதுவே பொருந்தும். இத்தொட்டி இரண்டு நிமிடம்கூடத் தாங்காது என்பார்கள். உண்மைதான், அது முதல் அடிக்கு மட்டுமே. அதற்குள் பம்பை இருவர் இறக்கிக் குளக்கரைக்கோ தாங்கலுக்கோ தூக்கிச் செல்லவேண்டும். ஜப்பானின் ஊர்த் தீயணைப்புக் குழுக்கள் சிறு வண்டியில் இப்படித்தான் பம்பைக் கொண்டுபோய் வாய்க்காலிலிருந்து நீர் எடுக்கின்றன. ஜெர்மனியின் தன்னார்வப் படைகளிடம் உள்ள ஒரு வகை வண்டியில் தண்ணீர்த் தொட்டியே கிடையாது. ஆட்களும் பம்பும் மட்டுமே.

ஆனால் நம் குளங்கள் சித்திரையில் வற்றிவிடும். கிணறுகளும் கைகொடுக்கா. உறிஞ்சும் பம்பு நடைமுறையில் ஏழு மீட்டருக்குக் கீழுள்ள நீரை எடுக்காது. நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உட்புகுந்த வரலாறு இவ்வட்டாரத்தினர் அறிந்ததே. எஞ்சுவது ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. 30,000 லிட்டர் தொட்டி ஒன்று ஆறேழு நீர்தாங்கி வண்டிகளுக்குச் சமம். அதன் அடியில் ஒரு வால்வும் தீயணைப்புத் துறை பயன்படுத்தும் 63 மில்லிமீட்டர் இணைப்பும் பொருத்தினால், ஊர் வண்டியும் துறையின் வண்டியும் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். வண்டி வாங்கும் மதிப்பீட்டிலேயே இச்செலவையும் சேர்க்கவேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

ஓட்டுநர் இல்லாத வண்டியால் பயனில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. நள்ளிரவில் எழுப்பினாலும் அப்படிப்பட்ட உரிமம் உள்ள இளைஞர் ஊரில் கிடைப்பார். கனரக உரிமம் உள்ளவர் அன்று எந்த நெடுஞ்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருப்பாரோ தெரியாது.

தன்னார்வலர்களே நம்மிடம் இல்லை என்பது வலுவான மறுப்பு. தமிழ்நாட்டில் தீயணைப்பு அரசுத் துறையின் பணியாகவே வளர்ந்தது. ஊர்ப் படை மரபு இங்கில்லை. ஆயினும் ஒன்றிய அரசின் ஆப்தா மித்ரா திட்டம் 12 நாள் பயிற்சியில் பேரிடர் தன்னார்வலர்களை உருவாக்கியிருக்கிறது. சிப்காட் ஆலைகளில் தீயணைப்புப் பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து திரும்புவது சுற்றியுள்ள ஊர்களுக்குத்தான். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதித் தீப்பற்றியபோது உள்ளூர்க்காரர்களும் ஓடிவந்து உதவினார்கள். உதவ மனம் உண்டு. கையில் கருவியும் முறையான பயிற்சியும் காப்பீடும்தான் இல்லை.

எல்லை ஒன்றையும் உறுதியாக வகுக்கவேண்டும். ஆலைத் தீக்கு ஊர் வண்டி போகக் கூடாது. உருகிய உலோகத்தில் தண்ணீர் பட்டால் நீராவி வெடிப்பு நேரும். எண்ணெய்த் தீக்கு நுரை வேண்டும். அவை துறைக்கும் ஆலைகளின் சொந்தப் படைகளுக்கும் உரியவை. ஊர்ப் படையை மலிவான மாற்றாளாக அங்கே அனுப்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

மாநிலத் தீயணைப்புத் துறைகளை வலுப்படுத்த, பதினைந்தாம் நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசு 5,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இத்தகைய நிதியில் வண்டி வாங்கிவிடலாம். அதன் பின் பாட்டரியும் டீசலும் யார் பொறுப்பு என்பதில்தான் திட்டம் நொடிக்கும். ஊரில் தினமும் மோட்டார் போடும் தொட்டி ஆபரேட்டரிடமே வாரம் ஒருமுறை பம்பை ஓட்டிப் பார்க்கும் பணியைத் தந்து, அதற்கெனத் தனி ஊதியமும் வழங்கவேண்டும்.