ஜேம்ஸ் டீனின் காரைப் பிரித்தபோது

ஒரு கார் விபத்தில் நொறுங்கிவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். பழைய பார்ட்ஸ் வாங்கி விற்பவர்களைக் கேட்டால் அங்கேதான் கதையே ஆரம்பம் என்பார்கள். முழுக் காரை ஒருத்தர்தான் வாங்க முடியும். பிரித்துப் போட்டால் இன்ஜின் ஒருவருக்கு, கியர்பாக்ஸ் ஒருவருக்கு, மிச்சம் இருக்கும் தகரம் இன்னொருவருக்கு என்று போய்விடும்.

அப்படிப் பிரிந்த கார்களில் அதிகம் பேசப்பட்டது ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் உயிரை விட்ட போர்ஷே 550 ஸ்பைடர். "சாபம் பிடித்த கார், அதன் பார்ட்ஸை வாங்கியவர்கள் எல்லாம் செத்தார்கள்" என்று ஃபார்வர்டு மெயில்களில் ஒரு கதை சுற்றியதே, அந்தக் கார்தான். சாபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, எந்தப் பாகம் யாரிடம் போனது என்று பார்ப்போம்.

கார் எப்படிப்பட்டது?

550 ஸ்பைடர் பந்தயத்துக்காகவே செய்யப்பட்ட கார். மொத்தம் செய்தது சுமார் 90 தான். குழாய்களால் ஆன சட்டம், அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகடு. எடை சுமார் 550 கிலோதான். 1498 சிசி இன்ஜின், 110 குதிரைத்திறன். எர்ன்ஸ்ட் ஃபூர்மான் என்ற பொறியாளர் வடிவமைத்த இந்த இன்ஜினில் நான்கு கேம்ஷாஃப்டுகள் இருந்தன. கைதேர்ந்த மெக்கானிக்குக்கே ஒன்றைக் கோர்த்து முடிக்க 100 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் இந்தக் காரில் விலைமதிப்பான பொருள் இன்ஜின்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீன் இந்தக் காரை 1955 செப்டம்பர் 21 அன்று ஹாலிவுட்டில் வாங்கினார். பந்தய எண் 130 எழுதினார்கள், பின்பக்கம் ஒரு செல்லப்பெயரும் எழுதினார்கள். ஒன்பதே நாள். செப்டம்பர் 30 மாலை, சலீனாஸ் பந்தயத்துக்குப் போகும் வழியில், கலிஃபோர்னியாவின் ஷொலாம் என்ற ஊருக்குப் பக்கத்தில், எதிரே வந்து திரும்பிய ஒரு ஃபோர்டு காரோடு மோதி இறந்தார். வயது 24. பக்கத்தில் உட்கார்ந்திருந்த போர்ஷே மெக்கானிக் ரோல்ஃப் வூதரிக் பலத்த காயத்தோடு பிழைத்தார்.

பிரித்தவர் ஒரு டாக்டர்

இன்ஷூரன்ஸ் கம்பெனி டீனின் அப்பாவுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, நொறுங்கிய காரைக் கழித்துக்கட்டியது. அது பர்பேங்க் ஊரில் ஒரு காயலான் கடைக்குப் போனது. அங்கிருந்து வில்லியம் எஷ்ரிக் என்ற டாக்டர் 1092 டாலருக்கு வாங்கினார். இவர் யாரோ எவரோ இல்லை. 1955ல் டீனோடு ஒரே பந்தயங்களில் கார் ஓட்டியவர். அவருக்கு வேண்டியது நினைவுச் சின்னம் இல்லை, அந்த இன்ஜின்!

எஷ்ரிக்கிடம் லோட்டஸ் 9 என்ற பிரிட்டிஷ் பந்தயக் கார் இருந்தது. அதில் போர்ஷே இன்ஜினைப் பொருத்தினார். இரண்டு பெயரையும் சேர்த்து "போட்டஸ்" என்று அழைத்தார். 1956ல் அதை வைத்துப் பல பந்தயங்களில் ஓடினார். கியர்பாக்ஸையும் பின்பக்க சஸ்பென்ஷன் பாகங்களையும் நண்பரான இன்னொரு டாக்டருக்குக் கடனாகக் கொடுத்தார். அவர் பெயர் ட்ராய் மெக்ஹென்றி. அவரும் 550 ஸ்பைடர்தான் வைத்திருந்தார்.

இன்றைக்கு நமக்கு இது விசித்திரமாகப் படலாம். இறந்தவர் காரிலிருந்து எடுத்ததைப் போய் மாட்டுவார்களா என்று. ஆனால் 90 கார் மட்டுமே இருந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் எங்கிருந்து வரும்? ஒரு கார் அடிபட்டால்தான் இன்னொரு கார் ஓடும். பந்தயக்காரர்களுக்கு அது சாதாரண விஷயம்.

பொமோனா, 1956 அக்டோபர் 21

அன்று இரண்டு டாக்டர்களும் பொமோனாவில் ஓட்டினார்கள். எஷ்ரிக்கின் கார் இன்னொரு காரோடு லேசாக உரசியது, பெரிய சேதமில்லை. மெக்ஹென்றியின் கார் கட்டுப்பாட்டை இழந்து ஒரு மரத்தில் மோதியது. அவர் இறந்துவிட்டார்.

மறுநாள் நிருபர்களிடம் எஷ்ரிக் சொன்னது முக்கியம். தான் கொடுத்த கியர்பாக்ஸ் அன்று காரில் இருந்ததாகத் தோன்றவில்லை, ஆனால் பின்பக்க சஸ்பென்ஷன் கைகள் டீனின் காரிலிருந்து வந்தவை என்றார். சாபக் கதையில் நிஜமாக நடந்த பகுதி இவ்வளவுதான்.

இங்கே நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பயங்கரமாக மோதிய காரின் சஸ்பென்ஷன் பாகத்தை மறுபடி பயன்படுத்தலாமா? உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், லேசாக வளைந்திருக்கலாம். பழைய பார்ட்ஸ் வாங்கும் யாரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். "சாபம்" என்ற வார்த்தை வந்ததும் அந்தக் கேள்வி காணாமல் போய்விட்டது. ஒரு மனிதரின் சாவு பேய்க்கதையின் நடுவில் வரும் ஒரு வரியாகிவிட்டது.

மிச்சத் தகரம்

உருப்படியானதை எல்லாம் கழற்றிய பிறகு மிஞ்சிய கூடு ஜார்ஜ் பாரிஸ் கைக்குப் போனது. இவர் கார்களை மாற்றி வடிவமைப்பதில் பேர் போனவர். 1966 டிவி தொடரின் பேட்மொபைலைச் செய்தவர் இவர்தான். டீனின் காரைத் திரும்பக் கட்டும் நிலையில் அது இல்லை. அதனால் சாலைப் பாதுகாப்பு பிரசாரத்துக்குக் காட்சிப் பொருளாகக் கொடுத்தார். ஊர் ஊராகப் போன அதைக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பார்த்தார்கள்.

கார் சறுக்கி விழுந்து மெக்கானிக்கின் கால் உடைந்தது, விற்ற இரண்டு டயரும் ஒரே நேரத்தில் வெடித்தன, லாரியிலிருந்து விழுந்து ஆளைக் கொன்றது என்பதெல்லாம் பெரும்பாலும் பாரிஸ் சொன்னவை. 1974ல் வெளிவந்த அவருடைய புத்தகம் இவற்றைப் பரப்பியது. 1959 மார்ச்சில் ஃப்ரெஸ்னோவில் கார் நின்ற இடத்தில் தீப்பிடித்தது உண்மை. ஆனால் கருகியது டயரும் கொஞ்சம் பெயின்ட்டும்தான். போர்ஷே வரலாற்றை எழுதிய லீ ராஸ்கின் போன்றவர்கள் பாரிஸின் மற்ற கதைகளை நம்பவில்லை. 1960ல் மியாமியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பியபோது கூடு மாயமானது என்றார் பாரிஸ். 2005ல் பத்து லட்சம் டாலர் சன்மானம் அறிவித்தும் அது கிடைக்கவில்லை.

எண் சொல்லும் சாட்சி

போர்ஷே தொழிற்சாலை முக்கியமான பாகங்களில் எண் அடித்து, எந்தக் காரில் எது போனது என்று பதிவேட்டில் எழுதி வைத்தது. டீனின் காரின் சேஸிஸ் எண் 550-0055. இன்ஜின் 90059. கியர்பாக்ஸ் 10046. இன்ஜினைப் பல ஆண்டுகள் எஷ்ரிக் குடும்பமே வைத்திருந்தது. கியர்பாக்ஸ் கை மாறிக் கை மாறி, 2020ல் ஒரு சேகரிப்பாளரிடம் வந்தது. பதிவேட்டோடு எண் பொருந்தியது. 2021 மே மாதம் இணைய ஏலத்தில் 3,82,000 டாலருக்குப் போனது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தக் காரும் 1092 டாலர். அதிலிருந்து வந்த ஒரே ஒரு பாகம் அதைப்போல சுமார் 350 மடங்கு. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் 35 மடங்கு வரும். இத்தனைக்கும் அது காரில் பூட்டி ஓட்ட வாங்கியது இல்லை, ஸ்டாண்டில் வைத்துப் பார்க்க வாங்கியது.

1956ல் ஒரு பழைய பாகத்தின் மதிப்பு "இது வேலை செய்யுமா?" என்பதில் இருந்தது. 2021ல் "இது யாருடையது?" என்பதில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அறுபது வருஷம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது சாபத்தைப் பற்றி. மூன்றில் உதவாத பேச்சு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை இந்தக் கதை உங்களுக்கு வந்தால், அனுப்பியவரிடம் மெக்ஹென்றி யார் என்று கேட்டுப் பாருங்கள்.