உடைந்த கரையும் காத்தவர் கடமையும்: கவனக்குறைவுச் சட்டம் கண்மாய்க்கு வந்த வரலாறு

எப்போதும்வென்றான், கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண் கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும். மழை பட்டதும் உப்பி மூடிக்கொள்ளும். அந்த மண்ணால் கட்டிய கண்மாய்க் கரைக்கும் அதே குணம்தான். வெடிப்பு வழியே புகுந்த தண்ணீர் உள்ளுக்குள் அரித்துவிட்டால், வெளியே வலுவாகத் தெரிகிற கரையும் ஒரே இரவில் உடைப்பெடுக்கும். அப்படி உடைந்து கீழ்ப்புறத்துப் பயிர் அழிந்தால் நட்டத்துக்கு யார் பொறுப்பு? கவனக்குறைவு என்னும் சட்டக் கோட்பாடு இங்கிலாந்திலிருந்து அப்படியே இறக்குமதியானது என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஏரி, கண்மாய் வழக்குகளைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. இங்கே கோட்பாட்டுக்கு வடிவம் கொடுத்தது இந்த மண்ணின் நீர்ப்பாசன முறை.

1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ரைலண்ட்ஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆலைக்காரர் ஒருவர் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் பழைய சுரங்க வழியாகப் புகுந்து அண்டை நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆலைக்காரரிடம் கவனக்குறைவு இல்லை; ஆனாலும் ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்தவரே நட்டத்தை ஏற்க வேண்டும் என்றது சபை. ஆறே ஆண்டுகளில் அந்த விதி சென்னை மாகாணத்துக்கு வந்து நின்றது. கார்வேட்டிநகரம் ஜமீனின் இரண்டு ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின. சென்னை ரயில்வே கம்பெனி நட்டஈடு கேட்டது. 1874இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மறுத்தது. இவ்வேரிகள் தொன்றுதொட்டு வருபவை, மக்களின் பிழைப்புக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. எனவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே அவர் பொறுப்பாளி என்றது.

ஜமீன்தார்களுக்குச் சாதகமான தீர்ப்பு இது, பாதிக்கப்பட்டவனைக் கைவிட்டது என்று ஒருவர் வாதிடலாம். பாதி நியாயம் அதில் உண்டு: கரையின் நிலை கரையைக் காப்பவருக்குத்தான் தெரியும், மெய்ப்பிக்கும் சுமையோ நட்டப்பட்டவர் தலையில். ஆனால் தீர்ப்பின் காரணத்தைக் கூர்ந்து பார்த்தால், பொறுப்பிலிருந்து விலக்குத் தந்த அதே பராமரிப்புக் கடமைதான் பொறுப்பை அளக்கும் கோலும் ஆகிறது. கடமை உண்டு, கடமை தவறியது, தவறியதால் நட்டம் வந்தது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் கவனக்குறைவு. நியாயமான மனிதர் அந்தச் சூழலில் செய்வதைச் செய்யாமல் விடுவது என்று 1856இலேயே ஆங்கில நீதிமன்றம் அதை வரையறுத்திருந்தது. கரிசல் நாட்டு நியாயமான மனிதர் யார்? கோடை வெடிப்பைப் பார்த்து மண் அடைத்து மெத்துகிறவர், மறுகால் வாயைத் தூர் எடுத்து வைப்பவர், கரையில் வேரோடிய சீமைக்கருவேலத்தைக் கண்டுகொள்பவர். ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து வழக்கம் இந்த அளவுகோலைச் சட்டத்துக்கு முன்பே வைத்திருந்தது. 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதற்கு எழுத்து வடிவம் கொடுக்க முயன்றது. கட்டாயம் என்பதை நான் ஆதரிக்கவில்லை. ஊர் அறிந்த கடமை என்பதற்கே அதைச் சான்றாக்குகிறேன்.

மெய்ப்பிக்கும் சுமைக்கும் பின்னால் ஒரு வழி பிறந்தது. தில்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில், 1966இல் உச்ச நீதிமன்றம் மறைந்திருந்த பழுது என்ற சாக்கை ஏற்கவில்லை. பழைய கட்டடத்தைச் சோதிக்கும் கடமை மாநகராட்சிக்கு உண்டு, அது இடிந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி என்றது. பழைய கரைக்கு இது பொருந்தாது என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலுக்கு ஏன் வேறு அளவுகோல் என்று கேட்கலாம். தில்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் 1986இல் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, ஆபத்தான தொழிலை லாபத்துக்கு நடத்துபவர் விதிவிலக்கே இல்லாமல் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்றது. வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. கண்மாய் ஊரின் உயிருக்காகத் தேக்கப்படுவது. வெடிமருந்து விற்பனைக்காகச் சேர்க்கப்படுவது.

1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் வழியே ஜமீன் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. கடமையும் கூடவே வந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தூத்துக்குடி மாவட்டத்தில் பல கரைகள் உடைந்தன. அது தெய்வச் செயலே என்பார்கள். மழை தெய்வச் செயலாக இருக்கலாம். மழைக்கு முன்பே தெரிந்த வெடிப்பும், தூர்ந்த மறுகாலும் தெய்வச் செயல் ஆகா. எது எதனால் உடைந்தது என்று பிரித்துச் சொல்ல எழுத்துச் சான்று வேண்டும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு கண்மாய்க் கரையையும் பார்வையிட்டு, கண்ட பழுதையும் சரிசெய்த தேதியையும் எழுதிய ஏட்டை ஊராட்சி அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். கரைக்குக் கீழே புஞ்சை வைத்திருப்பவர்கள் கிராம சபையில் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.