கண்ணப்பரும் கீர்க்ககார்டும்

லீவில் ஊருக்குப் போனால் திருப்பதியோடு காளஹஸ்தியும் பார்த்துவிட்டு வருவோம், இல்லையா? (2022-க்கு முன் அது சித்தூர் மாவட்டம்.) சேக்கிழார் 12-ம் நூற்றாண்டில் எழுதிய கண்ணப்பர் கதை நடப்பது அங்கேதான்.

டென்மார்க்கின் கீர்க்ககார்ட் 1840-களில் வாழ்க்கையை மூன்றாகப் பிரித்தார்: ரசித்து வாழ்வது, அறவிதிப்படி வாழ்வது, கடவுள் முன் தனியாக நிற்பது. மூன்றாவதற்கு அவர் காட்டியது, கட்டளைக்குப் பணிந்து மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாமை. கண்ணப்பருக்கோ யாரும் கட்டளையே இடவில்லை. சிவலிங்கத்தின் கண்ணில் ரத்தம் வந்ததும், வேட்டையாடித் திரிந்தவர் தன் கண்ணைப் பெயர்த்து அப்பினார். மகன் கண்ணையல்ல, கவனியுங்கள்!

வங்கி விதிப்புத்தகத்தோடு இருபது வருஷம் ஓட்டிய எனக்கு, அவர் படைத்த இறைச்சியைக் கண்டு பதறி, தினமும் சுத்தம் செய்து ஆகமப்படி பூஜித்த சிவகோசரியார்தான் நெருக்கம். சேக்கிழார் அவரையும் பழிக்கவில்லை. சிவனே அவர் கனவில் வந்து, நாளை மறைந்து நின்று பார் என்கிறார்.