எழுத்தும் விளையாட்டும்: மணலிலிருந்து ஒரு வரலாறு



ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் எங்களிடம் பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் வரும் ஒரு கேள்வி இருக்கிறது. “ரீச்சர், புள்ள வகுப்புல விளையாடிட்டுத்தான் வருகுது. கொப்பியில ஒண்ணுமில்லயே?”

கேட்பதில் நியாயம் இருக்கிறது. பக்கம் பக்கமாக எழுதிய கொப்பிதான் நாங்களும் படித்த காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளையின் அடையாளம். ஆனால் அதே ஊரில் இன்னொன்றையும் பார்க்கிறோம். சாதாரண தரம் வரை படித்த பிள்ளை பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தால் வேறொருவரைத் தேடிப் போகிறது. பத்து வருடம் பார்த்தெழுதிய கைக்குச் சொந்தமாகப் பத்து வரி வரவில்லை.

இது எங்கிருந்து வந்தது? விளையாட்டால் எழுத்து கெடுகிறதா, வளர்கிறதா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் பதில் கிடைக்கும். அந்த வரலாறு தொடங்குவதும் எங்கள் மொழி பேசும் மண்ணில்தான்.

*மணல்*

1789ஆம் ஆண்டு. சென்னை எழும்பூரில் ஆங்கிலப் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான ஓர் அநாதை இல்லம். அதன் பொறுப்பாளர் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார். அங்கிருந்த ஆசிரியர்களால் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தைப் பழக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் குதிரையில் போன பெல், வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக் கொண்டிருந்தார்கள். எழுதுவது, அழிப்பது, மீண்டும் எழுதுவது. தாளும் மையும் செலவில்லை, பிழை விட்டால் பயமும் இல்லை.

இதை அப்படியே செய்யும்படி பெல் தன் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். அதனால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்களால் முடியாததை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. சட்டாம்பிள்ளை என்ற சொல்லே அதற்குச் சாட்சி.

பெல் ஊர் திரும்பி 1797இல் இதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையில் லண்டனில் பாடசாலை நடத்தினார். அங்கும் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு மணல் பரப்பிய மேசைதான். இன்று பயிற்சிப் பட்டறைகளில் ‘மணல் தட்டு’ என்று வண்ணப் படத்தோடு காட்டப்படும் செயற்பாடு வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. இங்கிருந்து போய்த் திரும்பி வந்தது.

மணல் போனது, ஆனால் அந்தத் திண்ணையின் நிதானம் போகவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் வரிசையாக இருத்தி, கட்டளை போட்டதும் எழுது, கட்டளை போட்டதும் அழி என்று அங்கே அது ஒரு படைப்பயிற்சி போலானது. கை பழகியது. மனதுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

*பலகை*

எங்கள் சமூகத்துக்குத் தனியான ஒரு பாதையும் இருந்தது. ஓதப்பள்ளியில் மரப்பலகையில் எழுதி, ஓதி, கழுவி, மீண்டும் எழுதிய கதையை எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே பழகிய அரபு எழுத்தைக் கொண்டு அவர்கள் தமிழையும் எழுதினார்கள். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் சில மாற்றங்களைச் செய்து உருவானதுதான் அரபுத்தமிழ். மார்க்க நூல்களும் மாலைகளும் முனாஜாத்துகளும் அதில் வந்தன. கடிதப் போக்குவரத்தும் நடந்தது.

அரச அலுவலகத்தில் பெருவிரல் அடையாளம் வைத்த உம்மம்மாமார் பலர் வீட்டில் அரபுத்தமிழ்க் கிதாபு வாசித்தவர்கள். அவர்களை எழுத்தறிவில்லாதவர்கள் என்று எழுதிவைத்தது நியாயமில்லை. ஆனாலும் கச்சேரியும் நீதிமன்றமும் பாடசாலையும் வேறு எழுத்தில் இயங்கின. கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுபவருக்குக் காசு கொடுத்துத்தான் எங்கள் சனம் தன் குறையைச் சொல்ல வேண்டியிருந்தது. தன் துயரத்தை இன்னொருவர் சொற்களில் கொடுப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

இதை நன்றாக உணர்ந்தவர் அறிஞர் சித்திலெப்பை (1838–1898). 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார், கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார், 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்ற நாவலையும் எழுதினார். மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று அவர் போராடினார். கொழும்பில் 1892இல் தொடங்கி ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலைக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது.

*1862: ஒரே ஆண்டு, இரண்டு பாதைகள்*

எங்கள் பிள்ளைகள் மெல்ல மெல்லப் பாடசாலைக்குப் போனார்கள். ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த வகுப்பறை எப்படிப்பட்டது?

1862இல் இங்கிலாந்து அரசு ஒரு சட்டக்கோவை கொண்டு வந்தது. பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தால் பாடசாலைக்குக் காசு, இல்லாவிட்டால் வெட்டு. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஆறு தரங்கள். எழுத்துக்கு என்ன கேட்டார்கள் தெரியுமா? கீழ்த் தரத்தில் எழுத்துகளைச் சொல்ல எழுதுவது, அடுத்ததில் ஒரு வரியைப் பார்த்தெழுதுவது, அதற்கு மேல் எல்லாம் சொல்வதெழுதல். ஆறாம் தரத்தில்கூடப் பத்திரிகைப் பந்தி ஒன்றை ஆசிரியர் மெதுவாகச் சொல்ல, பிள்ளை எழுத வேண்டும், அவ்வளவுதான். முதலில் வந்த அந்த ஆறு தரங்களிலும் பிள்ளை சொந்தமாக ஒரு வசனம் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. பெறுபேற்றுக்குப் பணம் என்ற இந்த முறை இலங்கையின் உதவி பெறும் பாடசாலைகளுக்கும் வந்தது. ஆசிரியரின் சோறு பிள்ளையின் சொல்வதெழுதலில் தங்கியிருந்தால், எந்த ஆசிரியர் விளையாட விடுவார்?

அதே 1862இல் ருசியாவில் ஒருவர் எதிர்த் திசையில் போனார். லியோ தோல்ஸ்தோய். தன் கிராமமான யஸ்னயா பொல்யானாவில் விவசாயிகளின் பிள்ளைகளுக்கு 1859இல் ஒரு பாடசாலை தொடங்கியிருந்தார். முதலில் அவரும் எங்களைப் போலத்தான். தானியம், வீடு, மரம் என்று ‘இலகுவான’ தலைப்புக் கொடுத்தார். பிள்ளைகள் அழாத குறை! ‘பசு’ கட்டுரைக்கு எங்கள் பிள்ளைகள் விழிப்பது நினைவுக்கு வருகிறதா?

பிறகு ஒரு நாள் ஒரு பழமொழியைக் கொடுத்து, இதை வைத்துக் கதை எழுதுவோம், நானும் எழுதுகிறேன், யாருடையது நன்றாக வருகிறது பார்ப்போம் என்றார். அவர் எழுதத் தொடங்கியதும் பிள்ளைகள் சுற்றி நின்று, இது இப்படி வராது, அந்தக் கிழவன் அப்படிச் சொல்ல மாட்டான் என்று திருத்த ஆரம்பித்தார்கள். கடைசியில் இரண்டு சிறுவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதும் நிலை வந்தது. இரவு பதினொரு மணி வரை அவர்கள் எழுந்து போகவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதி பின்னர் வேறு பிள்ளைகளின் காகித விளையாட்டில் சிக்கி அடுப்புக்குப் போனது. தோல்ஸ்தோய் மிகவும் நொந்து போனார். அந்த இரண்டு சிறுவர்களுமே வந்து, நாங்கள் திரும்பவும் எழுதுகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

யார் யாரிடம் எழுதக் கற்க வேண்டும், விவசாயிகளின் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து அவர் அந்த ஆண்டு கட்டுரை எழுதினார். எரிந்து போன கதையைத் திரும்பவும் எழுத வந்த அந்தப் பிள்ளைகளை யாரும் அடிக்கவில்லை, புள்ளியும் கொடுக்கவில்லை. அது தங்கள் கதை என்பதால் வந்தார்கள்.

*விரல், அச்சு, இரண்டு சொல்*

அடுத்த நூற்றாண்டில் இந்தப் பாதையில் பலர் நடந்தார்கள். மூவரை மட்டும் சொல்கிறோம்.

முதலாமவர் மரியா மொண்டிசோரி. 1907இல் உரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். மண்கடதாசியில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய பிள்ளைகள், ஒரு கட்டத்தில் தாங்களாகவே நிலத்திலும் சுவரிலும் எழுதத் தொடங்கினார்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், 1944இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். முன்பள்ளிக்கு எங்கள் ஊர்களில் ‘மொண்டிசோரி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயர் நிலைத்த அளவுக்கு முறை நிலைத்ததா என்பது வேறு கேள்வி. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலைக் கொப்பி கொடுக்கும் மொண்டிசோரிகளை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இரண்டாமவர் பிரான்சின் செலஸ்தான் ஃப்ரெனே. முதலாம் உலகப் போரில் நுரையீரல் காயப்பட்டவர், வகுப்பில் நீண்ட நேரம் பேச முடியாதவர். 1920களில் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டு வந்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதை எழுதினார்கள், வகுப்பே சேர்ந்து தெரிவு செய்தது, திருத்தியது, எழுத்துக் கோத்து அச்சடித்தது. 1926இல் நாட்டின் மறுகோடியில், கடற்கரைக் கிராமம் ஒன்றின் பாடசாலையோடு இந்தத் தாள்களைத் தபாலில் மாற்றிக் கொண்டார்கள். தெரியாத ஊர்ப் பிள்ளை வாசிக்கப் போகிறது என்றால் எழுத்துப் பிழையைப் பிள்ளை தானே தேடித் திருத்தும். சிவப்புப் பேனை செய்யாத வேலையை ஒரு வாசகர் செய்துவிடுவார்.

மூன்றாமவர் இத்தாலியின் ஜானி ரொடாரி. 1973இல் வந்த அவருடைய ‘கற்பனையின் இலக்கணம்’ என்ற நூலில் ஒரு விளையாட்டு வருகிறது. ஒரு பிள்ளை கரும்பலகையின் முன்பக்கத்தில் ஒரு சொல் எழுத வேண்டும், இன்னொரு பிள்ளை பின்பக்கத்தில். ஒருவர் சொல் மற்றவருக்குத் தெரியாது. நாய், அலுமாரி என்று வந்தால் அந்த இரண்டையும் சேர்த்து ஒரு கதை.

இந்த விளையாட்டு தமிழுக்கென்றே செய்தது போல இருக்கும். நாயின் அலுமாரி, அலுமாரிக்குள் நாய், நாய்க்கு ஓர் அலுமாரி, அலுமாரியோடு வந்த நாய். ஒவ்வொரு வேற்றுமை உருபும் ஒவ்வொரு கதை! அட்டவணையாக மனனம் செய்து பரீட்சையோடு மறக்கும் வேற்றுமையை எட்டு வயதுப் பிள்ளை சிரித்துக் கொண்டே பிடித்துக் கொள்கிறது.

*எங்கள் வகுப்பில்*

இந்த வரலாற்றிலிருந்து எடுத்து நாங்கள் செய்பவை பெரிய செலவுள்ளவை அல்ல.

• தரம் 1இல் மணல். கிழக்குக் கரையில் மணலுக்கா பஞ்சம்? ‘ஞ’, ‘ண’, ‘ழ’ போன்ற சுழி எழுத்துகள் முதலில் விரலில், பிறகுதான் பென்சிலில்.

• தரம் 3இல் இரண்டு சொல் விளையாட்டு. பிள்ளைகள் எழுதிப் போட்ட துண்டுகளிலிருந்து இரண்டை எடுப்போம். மீனும் குடையும் வந்த நாளில் வகுப்பில் சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

• தரம் 4இல் பழமொழிக் கதை. ஐந்து பேர் கொண்ட குழு, ஆளுக்கு இரண்டு வசனம். முன்னால் எழுதியவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும்.

• எல்லா வகுப்புக்கும் ஒரு தபால்பெட்டி. பழைய பிஸ்கட் டின்தான். காய்ச்சலில் படுத்திருக்கும் நண்பனுக்கும், அடுத்த வகுப்புக்கும், கட்டாரிலுள்ள வாப்பாவுக்கும் கடிதம்.

திருத்தும்போது எல்லாப் பிழையையும் சிவப்பால் நிரப்புவதில்லை. ஒரு வாரம் ‘ல, ள, ழ’ மட்டும், மறு வாரம் ‘ர, ற’ மட்டும். சொல்வதெழுதலையும் உறுப்பெழுத்தையும் நாங்கள் கைவிடவில்லை. அவை கைக்கான பயிற்சி, வேண்டியவைதான். அதோடு நின்றுவிட்டால் பிள்ளை வாழ்நாள் முழுவதும் பிறர் சொன்னதை எழுதும் கையாகவே இருக்கும்.

புலமைப்பரிசில் பயம் எங்களுக்கும் புரிகிறது. ரியூசனில் கொடுத்த கட்டுரையை மனனம் செய்த பிள்ளைக்கு அந்தத் தலைப்பே வந்தால் அதிர்ஷ்டம். வேறு தலைப்பு வந்தால்? 1862இன் சட்டக்கோவையை இங்கிலாந்தே அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கைவிட்டுவிட்டது. எங்கள் வீட்டு மேசைகளில் அது இன்னும் இருக்கிறது.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். இந்த வாரம் கடைக்குப் போகும் சாமான் துண்டைப் பிள்ளையிடம் எழுதக் கொடுங்கள். ‘பருப்பு’ ‘பறுப்பு’ ஆனாலும் பரவாயில்லை. கடைக்காரர் அதை வாசித்துச் சாமான் தந்தால், தன் எழுத்துக்கு இந்த உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ‘று’வை நாங்கள் வகுப்பில் பார்த்துக் கொள்கிறோம்.